தொம்பைக்குள் செம்பி

ஊரில் எனக்கு 'நாயைக் கும்பிட்டவ' என்று ஒரு பெயர் உண்டு. முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். என் வாய்க்கு அந்த மட்டும் பயம் இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கும்பிட்டது நிஜம்தான். எதற்குக் கும்பிட்டேன் என்பதைத்தான் ஒருத்தரும் கேட்பதில்லை.

எமர்ஜென்சி முடிந்து எலெக்‌ஷன் வந்த வருஷம் அது. பெண்ணைக் கண்ணமங்கலம் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டோம். மலையில் நானும் என் வீட்டுக்காரர் மாதையனும், நாலைந்து ஆடுகளும், செம்பியும் இருந்தோம். செம்பி எங்கள் நாய். செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் வருமே, அந்த நிறம். காட்டுப்பன்றி கொல்லையில் இறங்கினால் முதலில் குரல் கொடுப்பது அவள்தான்.

அவளைப் பெற்றவள் கறுப்பி. அதுவும் எங்கள் நாய்தான். உடம்பு முதிராமல் முதல் பருவத்திலேயே சினை பிடித்து, இடுப்பு விரியாமல், ஒரு பகல் முழுக்கக் கிடந்து முக்கியது. ஒரே ஒரு குட்டி வெளியே வந்தது. மற்றவை வரவில்லை. கறுப்பி பிறகு எழுந்திருக்கவே இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அதன் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன், என்னால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

அந்த ஒரு குட்டிதான் செம்பி. கண் திறக்காத அதை மடியில் போட்டுக்கொண்டு, வெள்ளச்சியின் பாலில் பழந்துணித் திரியை நனைத்து நனைத்து ஊட்டினேன். வெள்ளச்சி எங்கள் வயசான ஆடு. மடியில் யார் கை வைத்தாலும் உதைக்கும். அந்த ஒரு மாதம் மட்டும் ஏனோ காலை அகட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. "ஒன்னவிட கோவக்காரியே அடங்கிட்டா பாத்தியா" என்று மாதையன் கிண்டல் செய்வார்.

சாமை விதைத்து, முளைப்பு பச்சை கட்டியிருந்த ஆடி மாதத்தில், ஒரு நாள் காலை மெழுகிய தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தத்தைப் பார்த்தேன். செம்பிக்கு ஒரு வயசு இன்னும் நிறையவில்லை. சினை பிடித்தபோது கறுப்பிக்கும் அதே வயசுதான். வெயில் ஏறுவதற்குள் ஊர்க் கடுவன் நாய்கள் எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டன.

கட்டிப் போட்டால் கயிற்றைக் கடித்துவிடுவாள். மாதையன் அவளை வீட்டுக்குள் அடைக்கலாம் என்றார். எங்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. உள்ளே சாமி மூலை இருப்பதால், மாதவிலக்கான பெண் அந்த நாட்களில் வாசற்படி தாண்ட மாட்டாள். வெளியே ஒதுக்குக் குடிசையில்தான் படுப்பாள். மழையோ பனியோ நான் அப்படித்தான் படுத்தேன், என் பெண்ணும் அப்படித்தான் படுத்தாள்.

"நாய்க்கு இன்னா தீட்டு, பாஞ்சால?" என்று என் பேரைச் சொல்லிக் கேட்டார் மாதையன்.

"பொம்பளைக்கு ஒரு ஞாயம், நாய்க்கு ஒரு ஞாயமா? நானே வெளிய கெடந்தேன். அவளும் கெடக்கட்டும்."

நான் ஒரு தடவை சொல்லிவிட்டால் அந்த மனுஷர் மறுபேச்சுப் பேசமாட்டார். பேசியிருக்கலாம்.

வெளியே என்றால் எங்கே? எனக்குத் தொம்பை ஞாபகத்துக்கு வந்தது. மூங்கில் பிளாச்சில் பின்னி, சாணமும் மண்ணும் கலந்து பூசிய தானியக் கூடு. ஆள் உயரம். கல் மேல் நிற்கும். தலையில் புல்லால் வேய்ந்த ஒரு தொப்பி, அதைத் தூக்கித்தான் தானியத்தைக் கொட்டுவோம். அடியில் தானியம் எடுக்க ஒரு சின்ன வாய், அதை மண் வைத்து அடைத்திருப்போம். புது சாமை வரும் வரைக்கும் அது காலிதான். செம்பியைத் தூக்கி மேலே இருந்து உள்ளே இறக்கி, தொப்பியைக் கவிழ்த்தேன். சிறுத்தை வந்தாலும் இதற்குள் நுழைய முடியாது என்று எனக்கு ஒரே பெருமை.

விடிந்ததும் கூழை எடுத்துக்கொண்டு போனேன். தொப்பி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. எட்டிப் பார்த்தால் உள்ளே நான்கு கண்கள்.

பக்கத்து வீட்டுக் குப்பனின் கிழட்டுக் கடுவன். ஒரு காதைப் பன்றி கிழித்திருந்தது, ஒரு கால் நொண்டி. மழைக்கு நனையாமல் இருக்கட்டும் என்று நான்தான் விறகைத் தொம்பையை ஒட்டிப் படிப்படியாக அடுக்கி வைத்திருந்தேன். அந்தப் படியில் ஏறி உள்ளே குதித்திருக்கிறது. திரும்ப ஏற வழியில்லாமல், தாலி கட்டின மாப்பிள்ளை மாதிரி ஓரமாக உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நான் போட்ட கூச்சலில் ஊரே கூடிவிட்டது. குப்பனை நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

அவன் நிதானமாகக் கேட்டான். "மணவறையும் நீயே போட்ட. படிக்கட்டும் நீயே வெச்ச. என் நாய ஏம்மா திட்ற?"

எல்லோரும் சிரித்தார்கள். மாதையனும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செம்பியின் இடுப்பைத் தடவிப் பார்த்தேன். என் கை அகலம்கூட இல்லை.

இரண்டொரு நாள் கழித்து மாணிக்கம்மாள் அக்கா ஒரு வேரை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் மனுஷிக்கும் மருந்து சொல்கிறவள்.

"இத அரைச்சி களியில வெச்சிக் குடு. தங்கியிருந்தா கலைஞ்சிடும்."

"நாய்க்கு ஒண்ணும் ஆவாதே அக்கா?"

"அது அதோட ஒடம்பப் பொறுத்தது" என்றாள்.

பொய் சொல்லத் தெரியாதவள் அவள். நான் வேரை அரைத்தேன். களியில் பிசைந்து உருட்டி, உடைந்த சட்டி ஓட்டில் வைத்து வாசலுக்குக் கொண்டு போனேன். செம்பி வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள். என் கையிலிருந்து எதை வைத்தாலும் முகர்ந்துகூடப் பார்க்காமல் விழுங்குகிறவள் அவள். திரியில் பால் ஊட்டின கை இது. அவள் வாய் ஓட்டில் படுவதற்குள் அதை எட்டி உதைத்தேன். களி வேலிக்கு அப்பால் போய் விழுந்தது. செம்பி என்னவோ தப்பு செய்துவிட்டதாக நினைத்துத் தரையோடு படுத்துக்கொண்டாள். கலைத்தாலும் அவள் உயிர் போய்விடலாம், பெற்றாலும் போய்விடலாம். இரண்டில் ஒன்றை என் கையால் செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து எனக்குச் சரியான சோறும் இல்லை தூக்கமும் இல்லை.

சாமை கதிர் வாங்கும் சமயத்தில் செம்பியின் வயிறு இறங்கியது. காம்புகள் சிவந்து தடித்தன. பன்றிக்காவலுக்கு மாதையன் கிளம்பினால் வாசல் வரை போய்த் திரும்பிவிடுவாள். ஒரு நாள் கொல்லையிலிருந்து வந்து பார்க்கிறேன், தொம்பையின் அடிவாயைப் பெரிதாக வெட்டி வைத்திருக்கிறார் இந்த மனுஷர்.

"இன்னாய்யா பண்ணிவெச்சிருக்க? அறுப்பு வர்ற நேரத்துல தொம்பைய ஒடைப்பாங்களா?"

"வெளிய நின்னு சுத்திச் சுத்திப் பிறாண்டிகினே இருந்தா. அங்கதான் பெக்கணும்னு இருக்கா. நானு இன்னா செய்ய?"

செம்பி அதற்குள் புகுந்து, பழைய வைக்கோலைக் காலால் கிளறி, வாயால் இழுத்து, வட்டமாக ஒரு படுக்கை செய்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பெற்றவளை அவள் பார்த்ததே இல்லை. கண் திறந்த நாள் முதல் என்னையும் ஆடுகளையும்தான் பார்த்தவள். நான் அடிவாய்க்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுப்பில் கூழ் அடிபிடித்த பிறகுதான் எழுந்தேன்.

அப்புறம் விதை போட்டு வைக்கிற என் சுரைக்குடுக்கையைக் காணோம். தேடினால் அது செம்பியின் வயிற்றோரம் இருக்கிறது. அதை நக்கி நக்கிப் பளபளவென்று ஆக்கியிருந்தாள். எடுக்கப் போனால் என்னைப் பார்த்தே உறுமினாள். நான் ஊட்டி வளர்த்த நாய் என்னை உறுமுகிறது! முதுகில் இரண்டு வைத்திருப்பேன், ஆனால் கையை எடுக்கும்போது விரலில் என்னவோ ஈரம். பார்த்தால் பால். காம்பிலிருந்து தானாகச் சொட்டியிருக்கிறது.

இன்றைக்கு, நாளைக்கு என்று எல்லோரும் சொன்னார்கள். நாட்கள் போயின. குட்டி வரவில்லை. பால் மட்டும் சொட்டிக்கொண்டே இருந்தது. மாணிக்கம்மாள் அக்கா வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். உள்ளேயே செத்துவிட்டது என்று எனக்குத் தோன்றிவிட்டது. கறுப்பியின் தலை என் மடியில் கனத்தது அப்படியே நினைவுக்கு வந்தது. கூடையில் வைக்கோலைப் போட்டு, செம்பியையும் குடுக்கையையும் சேர்த்து வைத்து, மாதையன் தலையில் ஏற்றினேன். இருவரும் மலையிறங்கி செங்கத்துக்கு நடந்தோம்.

மாட்டாஸ்பத்திரி சுவரில் பெரிய சிவப்பு முக்கோணம் எழுதியிருந்தது. போன வருஷம், குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க ஜீப் வருகிறது என்று கேள்விப்பட்டு, மூன்று நாள் காட்டில் கிடந்தவர் என் வீட்டுக்காரர். முக்கோணத்தைப் பார்த்ததும் கூடையை என்னிடம் கொடுத்துவிட்டு, தெருவுக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியில் போய் நின்றுகொண்டார். "மாட்டாஸ்பத்திரிய்யா இது" என்றேன். "இருந்தாலும் நீ போய்ட்டு வா" என்றார்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். செம்பியை மேசையில் படுக்க வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் வயிற்றை மெல்ல அழுத்தி அழுத்திப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

"குட்டி எதுவும் இல்லம்மா" என்றார்.

"செத்துப்போச்சுங்களா?"

"சாகறதுக்கு இருந்தாத்தானே? ஒண்ணுமே இல்ல. வெறும் வயிறு."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "இன்னாங்க சொல்றீங்க? பால் வருதுங்க. படுக்கை போட்டிருக்குதுங்க. இந்தக் குடுக்கையக்கூட உட மாட்டேங்குது பாருங்க. ஒண்ணுமில்லாமலா இதெல்லாம் வரும்?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "வரும்மா. பருவம் முடிஞ்சதும் குட்டி தங்கினாலும் தங்காட்டியும் பொட்டை நாய் ஒடம்பு ஒரே மாதிரிதான் தயாராகும். சிலதுக்குப் பால்கூட வந்துடும். பொய் சினைன்னு சொல்லுவோம்."

"கடுவன் சேரலேன்னாகூடவா?"

"சேரலேன்னாகூடத்தான். மடியத் தொடாத, கறக்காத. பத்துப் பதினஞ்சு நாள்ல தானா வத்திடும். நாய்க்கு ஒரு கொறையும் இல்ல. அடுத்த பருவத்துக்கு நல்லா வளர்ந்துடும். அப்ப பயமில்ல."

நான் அந்த மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். செம்பி சாகப்போவதில்லை. அது போதும் எனக்கு. வெளியே வந்து சொன்னதும் மாதையன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வை என்றார்.

மலையேறும்போது எனக்கு வேறொரு யோசனை வந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. ஆனாலும் அந்த உடம்பு காம்பைத் தடிக்க வைத்து, பாலை ஊற வைத்து, படுக்கையைப் போட வைத்து, எல்லா ஏற்பாட்டையும் முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது. யாருக்கு? கூடைக்குள் எட்டிப் பார்த்தேன். குடுக்கையின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். என் உடம்பெல்லாம் ஒரு தடவை சிலிர்த்தது.

ஊருக்குள் செய்தி பரவியதும் குப்பன் வேலியருகே வந்து நின்றான். "என் நாய் மேல வீண் பழி போட்டியே. கெழவன் மானம் இன்னா ஆவறது?" என்றான். திட்டாமல் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அது எனக்கு அபூர்வம்.

டாக்டர் சொன்னபடி மடியைத் தொடாமல் விட்டேன். பால் வற்றத் தொடங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது புரட்டாசி மழை பிடித்துக்கொண்டது. வெள்ளச்சி அப்போது நிறை சினை. அந்த வயசில் அது சினைப்பட்டதே தப்பு. காலையில் ஒரு குட்டி போட்டது. வெள்ளையில் ஒரு நெற்றிப் பொட்டு. அதை நக்கி முடிப்பதற்குள் வெள்ளச்சிக்கு ரத்தம் நிற்காமல் போனது. மாணிக்கம்மாள் அக்கா ஓடி வந்து என்னென்னவோ செய்தாள். மதியம் வெள்ளச்சி போய்விட்டது.

வீட்டில் வேறு எந்த ஆடும் பாலில் இல்லை. குட்டி அருகில் போனால் மற்ற ஆடுகள் முட்டித் தள்ளின. அக்கா தன் வீட்டிலிருந்து கொஞ்சம் ஆட்டுப்பால் கொடுத்தாள். செம்பிக்கு ஊட்டியது போலவே திரி செய்து வாயில் வைத்தேன். கடைவாயில் வழிந்ததே தவிர ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. திரி வேண்டாமென்று விரலை நனைத்து வைத்தேன். நாக்கு அசையவில்லை. கழுத்து தொங்கியது, காது சில்லிட்டுவிட்டது. கூடையில் சாக்கைப் போட்டு, அதை அடுப்போரம் படுக்க வைத்தேன்.

"இதுவும் நிக்காது" என்றாள் அக்கா.

மாதையன் கொல்லை மூலையில் வெள்ளச்சிக்குக் குழி வெட்டினார். நான் போய் மண் தள்ளினேன். மண்ணைத் தள்ளும்போதுதான் இந்த ஆடு காலை அகட்டிக்கொண்டு நின்றது எல்லாம் நினைவு வந்தது. மழையும் சேர்ந்துகொண்டதால் நான் அழுதது யாருக்கும் தெரியவில்லை.

திரும்பி வந்தால் கூடை கவிழ்ந்து கிடக்கிறது. குட்டி இல்லை. வாசல் ஈரத்தில் நாயின் கால்தடம், நடுவே எதையோ இழுத்துப்போன கோடு. அது தொம்பையின் அடிவாய்க்குப் போய் முடிந்தது.

காலையில் வெள்ளச்சியின் ரத்தத்தை முகர்ந்துகொண்டு செம்பி சுற்றிச் சுற்றி வந்ததையும், நான் துரத்தியதையும் நினைத்தேன். என்னதான் வளர்த்தாலும் நாய் நாய்தானே. எந்த ஆட்டின் பாலில் வளர்ந்தாளோ அதன் குட்டியையே தின்கிறாள் என்று எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறிவிட்டது. மூலையில் இருந்த தடியை எடுத்தேன். அன்றைக்கு அவளை அடித்தே கொன்றிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன். அடிவாயில் குனிந்து தடியை ஓங்கினேன்.

முதலில் ஒரு சத்தம் கேட்டது. சப்பு, சப்பு என்று.

கண் இருட்டுக்குப் பழகியதும் தெரிந்தது. செம்பி வட்டப் படுக்கையில் பக்கவாட்டில் படுத்திருந்தாள். பின்னங்காலை உயர்த்திப் பிடித்திருந்தாள். குட்டி முன்னங்காலை மடக்கி, முகத்தை அவள் வயிற்றில் புதைத்திருந்தது. அதன் குட்டை வால் துடித்துத் துடித்து ஆடியது. சற்று முன்னால் என் மடியில் சில்லிட்டுக் கிடந்த குட்டி அது! செம்பி அதை நக்கி நக்கி, ஒரு மயிரில்கூட ஈரமில்லாமல் செய்திருந்தாள். சுரைக்குடுக்கை ஒரு ஓரமாக உருண்டு கிடந்தது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தடியை ஓங்கியிருந்த என்னைப் பார்த்தாள். உறுமவில்லை. காலைக் கொஞ்சம் இன்னும் உயர்த்தி, குட்டிக்கு இடம் விட்டாள்.

அந்தப் பால் ஒன்றுக்கும் ஆகாத பால், வற்றிப்போக வேண்டிய பால். அது என் கண் முன்னால் வெள்ளச்சியின் குட்டியின் தொண்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தொண்டை ஏறி இறங்குவது நன்றாகத் தெரிந்தது. வாயில்லாத அந்தப் பிராணிக்கு இருக்கிற பெரிய மனசுக்கு முன்னால் நான் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. தடியைப் போட்டேன். சேற்றில் மண்டி போட்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டேன். சாமி மூலையில்கூட நான் அப்படிக் கும்பிட்டதில்லை.

அந்த நேரம் பார்த்துக் குப்பன் வேலிப்பக்கம் போனான். எனக்குப் பெயர் வந்தது இப்படித்தான்.

மாதையன் மண்வெட்டியோடு வந்தார். குனிந்து பார்த்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, மழை விடும் வரை அங்கேயே நின்றார்.

பத்துப் பதினைந்து நாளில் வற்றும் என்று டாக்டர் சொன்ன பால், குட்டி தழை கடிக்கும் வரைக்கும் வற்றவில்லை. தொம்பையைச் சுற்றி அது துள்ளும். கொஞ்சம் தூரம் போனால் செம்பி ஒரு குரல் கொடுப்பாள், திரும்பி ஓடி வந்துவிடும். சாமை அறுப்பு முடிந்து, அடித்துத் தூற்றி, மூட்டை கட்டி வீட்டுக்குள் கொண்டுவந்து அடுக்கினோம். கால் வைக்க இடமில்லை. தொம்பையின் அடிவாயை அடைக்க மாதையன் மண் குழைக்கவில்லை, நானும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

குப்பன் ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இன்னா மாதையா, சாமைய வூட்டுக்குள்ள வெச்சிகினு நீங்க வாசல்ல படுக்கறீங்களாமே. பொய் செனைக்கு எதுக்குய்யா இவ்ளோ நாளு பிரசவ வூடு?"

மாதையன் சுருட்டைப் பற்ற வைத்துக்கொண்டே சொன்னார்.

"பொய்யின்னு யாரு சொன்னா? குட்டி வர்றதுக்குக் கொஞ்சம் லேட்டாயிட்ச்சி, அவ்ளோதான்."